உரிய வேளையில் திருத்தம்

ஒருவரின் தவற்றைக் கண்டும் சொல்லாதிருப்பது பொறுமையா, அநீதியா? இல்லங்களிலும் பங்குகளிலும் எழும் கேள்விதான் இது. ஆயினும் மருத்துவக் கல்வியில் அந்த மௌனத்திற்கு விலை உண்டு. அதைச் செலுத்துபவர் மாணவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர், நோயாளி.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-இல் தொடங்கியது; நாமக்கல்லுக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்தது. நம் தறித் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் இத்தகைய கல்லூரிகளில் பயின்றோரிடமே நாளை மார்பைக் காட்டி நிற்பர். ஒரு மாணவர் சட்டையின் மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நுரையீரல் ஒலியைக் கேட்கிறார் என்று கொள்வோம். அன்று மாலையே சொன்னால் மறுநாள் திருந்திவிடும். ஆண்டிறுதியில் வெறும் மதிப்பெண்ணாக வந்தால், எதனால் குறைந்தது என்பதே விளங்காது. கையோ அதற்குள் பழகிப் போயிருக்கும். அறுந்த இழையை அப்போதே முடியாமல் ஒரு முழம் நெய்துவிட்டால் குறை சேலையோடு தங்கிவிடும் என்பது நம் நெசவாளர் அறிந்ததே.

1983-இல் ஜாக் எண்டே என்னும் அமெரிக்க மருத்துவர் இதைக் குறித்து எழுதினார்: கருத்துரை காலத்தோடு வரவேண்டும், நேரில் கண்டதைச் சார்ந்திருக்கவேண்டும், ஆளைத் தீர்ப்பிடாமல் செயலை விவரிக்கவேண்டும். "நீ கவனமற்றவன்" என்பது தீர்ப்பு. "முதுகின் கீழ்ப்பகுதியில் நீ கேட்கவில்லை" என்பதே திருத்தம்.

இந்தியாவில் 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பதிவேட்டின் மாதிரியில், கருத்துரை பெற்றதற்கு மாணவர் சுருக்கொப்பமிடவும் ஓர் இடம் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் பல வாரத்துப் பக்கங்களை ஒரே மாலையில் ஒப்பமிட்டு முடிக்கவும் காகிதம் இடம் தரும். இணையப் படிவமோ நாளையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்கிறது. வார்டிலிருந்து வெளியேறுமுன் ஆசிரியர் கைப்பேசியில் எழுதும் இரண்டு வரி, இரவு விடுதியில் மாணவர் கையில் இருக்கும்.

புனித தாமஸ் அக்குவினார் திருத்துதலை இருவகையாகப் பிரிக்கிறார். தவறியவரின் நலனை நாடுவது அன்பின் செயல். பொதுநலனைக் காப்பது நீதியின் செயல். தேர்வு இரண்டாவதைச் சேர்ந்தது. மாலைநேரக் கருத்துரை முதலாவதைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே கணினிக் கணக்கில் கலப்பதுதான் என்னை அஞ்சவைக்கிறது. இன்று ஒப்புக்கொண்ட குறை நாளை மதிப்பெண்ணில் கழியும் என்றால், எந்த மாணவர் தம் குறையை மறைக்கமாட்டார்? திருத்தத்தை வகுப்பு முழுவதும் காணும் வாட்ஸ்அப் குழுவில் இடுவது இன்னும் மோசம். தனியே சொல்லவேண்டியதைச் சந்தையில் சொல்வதே அது. (நோயாளியின் பெயரும் படமும் அதில் சேர்வதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.) நோயாளிக்கு உடனடி ஆபத்து எனில் நிலை வேறு. மறைவான தவறும் பிறர்க்குக் கேடு சூழுமானால் தனியே எச்சரித்துக் காத்திருக்கவேண்டியதில்லை என்பது அக்குவினாரின் முடிவும்கூட.

கருவி எழுதுவதை விரைவாக்கும், காண்பதை அன்று. மாணவர் நோயாளியைத் தொட்டுச் சோதிக்கையில் ஆசிரியர் அருகில் நிற்கவேண்டிய ஐந்து நிமிடத்தை எந்தச் செயலியும் தராது. புறநோயாளர் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் காலையில் அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும் என்பதை, படிவத்தை வடிவமைப்போர் அல்ல, ஆசிரியர் பணியிடங்களை நிரப்பவேண்டியோரே சொல்லவேண்டும்.