குற்றமும் நோயும் ஒருவரிடத்தே

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், சூது 94ஆவது, மருந்து 95ஆவது. இவ்வரிசை வள்ளுவரே வகுத்ததா, பின்வந்த உரையாசிரியர் அமைத்ததா என்னும் ஆராய்ச்சியை அறிஞர்க்கு விட்டுவிடுவோம். மனிதனைத் தன்வயம் இழக்கச் செய்யும் இரண்டைக் கடிந்துரைத்த நூல், அடுத்த ஏட்டிலேயே நோயாளியைப் பற்றியும் மருத்துவனைப் பற்றியும் பேசத் தொடங்குகிறது என்பதே நமக்கு வேண்டுவது. கடிந்துரைக்கும் மருந்துக்கும் இடையே நூலில் சில பக்கங்களின் தொலைவுதான். நம் காலத்து நடைமுறையிலோ அவ்விடத்தில் ஒரு பெருஞ்சுவர் நிற்கிறது.

குடிப்பழக்கத்துக்கு ஆளான ஒருவருக்கு மனநோயும் உண்டு என்று கொள்வோம். மனச்சோர்வாக இருக்கலாம், யாரோ காதோரம் ஏசுவதாகக் கேட்கும் மனச்சிதைவாகவும் இருக்கலாம். மனநோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும்' என்ற விடை கிடைப்பதுண்டு. போதை மீட்பு நிலையத்திற்குச் சென்றால், 'இவருக்கு மனம் சரியில்லையே, அங்கே காட்டுங்கள்' என்பர். எங்கும் இவ்வாறே நிகழ்கிறது என்று கூறவில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இரண்டையும் ஒரே வளாகத்தில் காண்பவர் உள்ளனர். ஆனால் பெரும்பாலான ஊர்களில் வாயில்கள் இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. எம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு இது பழகிய காட்சி. 'இப்பொருள் இப்பிரிவைச் சார்ந்ததன்று' என்ற குறிப்போடு கோப்பு ஒன்று மேசை மேசையாக நடப்பதை நாள்தோறும் காண்கிறோம். கோப்பு காத்திருக்கும்; அதற்குப் பசியில்லை, மனைவி மக்கள் இல்லை.

இப்பிரிவினை ஆட்சியமைப்பிலேயே உண்டு. தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கிய நாள்முதல் சுகாதார அமைச்சகத்தினுடையது. போதை மீட்பு நிலையங்கள் பலவற்றிற்கு நிதி வழங்குவதோ சமூகநீதி அமைச்சகம். அந்த அமைச்சகத்திற்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளிவந்த கணக்கெடுப்பு, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களுள் 5.7 கோடிக்கு மேற்பட்டோர் அதனால் கேடுற்றோ அதற்கு அடிமைப்பட்டோ இருப்பதாகவும் கூறியது. அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றனராம். அந்த ஒருவரையும் வாயிலில் நிறுத்தித் திருப்பினால் எஞ்சுவது என்ன?

சுவர் எழுந்த காரணம் நிதியும் நிர்வாகமும் மட்டும் அன்று. அதன் அடித்தளம் ஓர் அறத்தீர்ப்பு. பித்துற்றவனைக் கண்டால் இரங்குகிறோம். குடித்தவனைக் கண்டால் முகஞ்சுளிக்கிறோம். முன்னது அவனுக்கு நேர்ந்தது, பின்னது அவன் தேடிக்கொண்டது என்பது நம் கணக்கு. இக்கணக்கு மிகப் பழையது. மிட்டிலீனி நகரை ஆண்ட பிட்டகஸ், குடித்துக் குற்றம் புரிந்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்ததாக அரிஸ்டாட்டில் குறிக்கிறார். நம் சட்டமும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பிரிக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 84, 85ஆம் பிரிவுகளாக இருந்தவை, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22, 23 ஆகியுள்ளன. மனநிலை பிறழ்ந்ததால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதவனுக்கு விலக்கு உண்டு. போதையால் அறிய இயலாதவனுக்கு, அப்பொருள் அவன் அறியாமலோ அவன் விருப்பத்திற்கு மாறாகவோ கொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு. நீதிமன்றத்திற்கு இவ்வரம்பு தேவை. அதனை நான் குறை கூறவில்லை. மருத்துவமனையின் வாயிலிலும் அதே வரம்பை நட்டுவைப்பது எவ்வாறு பொருந்தும் என்பதே என் ஐயம்.

'விருப்பம்' என்ற அச்சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். இரவெல்லாம் காதில் வசைமொழி ஒலிக்கும் ஒருவன், அரைப் புட்டி உட்சென்றதும் அவ்வொலி சற்று மங்குவதாக உணர்கிறான். உறக்கமே வாராத சோர்வுற்ற பெண், எவரோ கொடுத்த தூக்க மாத்திரையில் நான்கு மணிநேர விடுதலை காண்கிறாள். களியுற்றுக் கட்டின்றிச் செலவழிக்கும் பித்தனுக்கு மதுவும் அக்களியின் ஒரு பகுதி. இவர்கள் கைநீட்டி எடுத்தது உண்மைதான். எவரும் வாயில் ஊற்றவில்லை. எனினும் அக்கையை நீட்டச் செய்தது எது? மனவுறுதியைத் திரட்டி விலகு என்கிறோம். அவ்வுறுதி பிறக்க வேண்டிய இடமே புண்பட்டிருக்கிறது. கால் முறிந்தவனிடம் 'நடந்து வந்தால் கட்டுப் போடுவேன்' என்று சொல்லும் மருத்துவரை நாம் பொறுப்போமா? குணமாவதையே குணமாக்குவதற்குக் கட்டணமாகக் கேட்பது இது.

மறுதலையாகவும் நிகழ்கிறது. மது சிறிது நேரம் சோர்வை மறைத்துப் பின்னர் அதனை ஆழப்படுத்தும். கஞ்சா, அதற்கு இடங்கொடுக்கும் இயல்புடைய இளைஞரிடத்தே சிதைவை முற்படுத்தும். எது முன்னது, எது பின்னது என்று நோயாளியே சொல்ல இயலாத அளவுக்கு இரண்டும் முறுக்கிய கயிறாகிவிடுகின்றன.

'முதலில் நிறுத்தட்டும்' என்பதில் மருத்துவ நியாயமே இல்லை என்று சொல்லிவிடலாகாது. மிகுகுடியால் வந்த சோர்வு, குடியை விட்ட சில வாரங்களில் தானே தெளிவதும் உண்டு. ஆகவே, அது தெளிகிறதா என்று பார்த்துப் பின் மருந்தை முடிவு செய்வது முறையே. ஆனால் அக்காத்திருப்பு மருத்துவரின் கண்முன் நிகழ வேண்டியது. வீட்டுத் திண்ணையில் அன்று. பல்லாண்டு மிகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம் காணும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றலாம், உயிரும் போகலாம். அவரைத் தாமே நிறுத்திவிட்டு வருமாறு அனுப்புவது, பெயரளவில் அறவுரை, விளைவில் ஆபத்து.

மருந்துகளும் நம் பிரிவினையை மதிப்பதில்லை. மதுவிலிருந்து விலக்கக் கொடுக்கும் டைசல்பிராம் என்னும் மாத்திரை, சிலரிடத்தே மனச்சிதைவைக் கிளறிவிடக் கூடியது. மனம் அமைதியுறக் கொடுக்கும் சில மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சையே தாழ்த்தும். பீடி, சிகரெட்டுப் புகை குளோசபின் என்னும் மருந்தை உடலில் விரைந்து கரைக்கிறது. மருத்துவமனையில் புகையை நிறுத்தியவுடன் அதே அளவு மருந்து இரத்தத்தில் மிகையாகிவிடும். ஒரு மருத்துவர் பீடியை அறியாமலும், மற்றவர் மாத்திரையை அறியாமலும் இருந்தால் இடையில் அல்லலுறுவது ஓருடல்.

அமெரிக்காவில் 1980களிலிருந்தே இரண்டையும் ஒரே குழுவினர் ஒருங்கே கவனிக்கும் முறையைச் சிலர் வற்புறுத்தி வந்தனர். அதனால் விளைவு தெளிவாக மேம்பட்டதா எனின், ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அமைப்பினர், கடும் மனநோயோடு போதைப் பழக்கமும் உடையோர்க்கு எந்த ஒரு முறையும் பிறவற்றினும் சிறந்ததென உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றே 2019இல் எழுதினர். இதனை மறைப்பதற்கில்லை. ஒருங்கே காண்பது அற்புத மருந்தன்று. ஆயினும், நலம் பயப்பது ஐயத்திற்குரியது என்பதும், நோயாளியை இரு வாயிலிலும் திருப்பலாம் என்பதும் வேறுவேறு.

அலுவலகத்திலும் இதே மனிதன் இரண்டாக நிற்கிறான். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964இல் 22ஆம் விதியை எடுத்தால், பணிநேரத்தில் போதையில் இருந்தவன் குற்றவாளி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்தால், பணிக்காலத்தில் மனநோயால் இயலாமை உற்றவனை வேலையிலிருந்து நீக்கவும் பதவி இறக்கவும் கூடாது. மனநோய் கொண்ட மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமான நடத்தைக்கு அந்நோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், தனிக்காரணமாக இருக்க வேண்டுவதில்லை என்று கருதியது. அவ்வழக்கில் மது இல்லை. மதுவும் உடன் இருந்தால் எந்தக் கோப்பு முதலில் திறக்கப்படும்? என் அனுபவத்தில், மெல்லியது முதலில் திறக்கப்படும். குற்றக் கோப்பு எப்போதும் மெல்லியது.

'எல்லாம் நோய் என்றால், அடிபட்ட மனைவிக்கு என்ன விடை?' என்று கேட்பார் உளர். கேட்கவே வேண்டிய கேள்வி. நோய் என்பதால் அடி வலிக்காமல் போவதில்லை, பொறுப்பும் மறைவதில்லை. பொறுப்பை ஏற்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? சிகிச்சை அந்த ஆளை மீட்டுத் தருவது. தெளிந்த பின்னரே தான் செய்ததை ஒருவன் உள்ளபடி காண்கிறான். அது தண்டனையினும் கடுமையாக இருப்பதும் உண்டு.

அத்தகைய மனைவியர் சிலர் செய்யும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. டைசல்பிராமைக் கணவர் அறியாமல் சாம்பாரிலோ தேநீரிலோ கலந்துவிடுவது அது. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியுண்டாகும். இதயநோயுள்ளவர்க்கு இறுதியாகவும் கூடும். அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வள்ளுவர் மருத்துவத்தை நான்காக வகுத்தபோது நோயுற்றவனை அந்நான்கனுள் ஒருவனாக வைத்தார். மறைவில் கலந்த மருந்தில் அவன் இல்லை. அதே மாத்திரையைத் தான் அறிந்தே, ஒவ்வொரு காலையும் மனைவியின் கையிலிருந்து வாங்கி விழுங்குபவரும் உண்டு.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள்களைத் தவறாகப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. தெளிந்த வேளையில் ஒருவர், பின்னர்த் தெளிவிழந்தால் தமக்கு எவ்வாறு சிகிச்சை தரலாம், எது கூடாது, தமக்காக எவர் பேச வேண்டும் என்று எழுதிவைக்கும் உரிமையையும் அச்சட்டம் தந்துள்ளது. எனக்கு இன்ன மருந்து ஒவ்வாது, நான் குடிப்பதுண்டு என்பதையும் மருத்துவர் அறிக, என் தம்பியை அழையுங்கள் என்று குடியாத ஒரு காலையில் அமர்ந்து எழுதலாம். அத்தாளை எந்த வாயிலில் கொடுப்பது என்பதைத்தான் இன்னும் சொல்வார் இல்லை.