விடியற்காலைத் தெரு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்து விடியற்காலையில், ஐந்தேகால் மணி இருட்டில், என் மகள் காலணியின் நாடாவை இறுக்கி முடிந்துகொண்டு, "அப்பா, கதவைத் தாழ் போட்டுக்கோங்க, ஆறரைக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனபோது, எட்டு வயதில் அவள் முதன்முதலாகத் தனியே பள்ளிக்கூடம் போன தினத்தில் எனக்கு உண்டான அதே கலக்கம், இருபத்தாறு வயதுப் பெண்ணின் தகப்பனான பிறகும் மறுபடி உண்டாயிற்று. அவள் விரும்பியது வேறொன்றுமில்லை. சிந்தாதிரிப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, மே தினப் பூங்காவின் ஓரமாக ஓடி, அண்ணா சாலையைக் கடந்து, வாலாஜா சாலை வழியே கடற்கரையைத் தொட்டு, கீழ்வானம் வெளுக்கிற நேரத்தில் திரும்பிவிட வேண்டும். அதையும் தனியாகச் செய்ய வேண்டும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கூட்டமாகச் சேர்ந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு சேர்ந்துகொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "பகல் முழுக்க நாலு பேரோட பேசிக்கிட்டேதான் இருக்கேன். இந்த ஒரு மணி நேரம் எனக்கே எனக்குன்னு வேணும்ப்பா" என்றாள். ஏகாந்தத்தை நாடிய ஞானிகளைப் போற்றி வளர்ந்த எனக்கு, என் வீட்டிலேயே ஒருத்தி அதைக் கேட்டபோது மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

ஜாக்கிரதையில் அவள் குறை வைத்தவள் அல்லள். வண்டிகள் முதுகுப் பக்கமிருந்து வராமல் எதிரே வரும்படி சாலையின் வலது ஓரத்தில் ஓடுவாள். பாட்டுக் கேட்டாலும் ஒரு காதைத் திறந்தே வைத்திருப்பாள். போகும் வழியைச் சொல்லிவிட்டுத்தான் போவாள். 112, 181 ஆகிய உதவி எண்கள் விரல்நுனியில் இருக்கும். ஓடிய பாதையைப் படமாக வரைந்து வைக்கும் ஸ்ட்ராவா என்ற செயலியில், பாதையின் தொடக்கமும் முடிவும் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்தச் செயலியின் உலகப் படமே பாலைவனங்களில் இருந்த இராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று செய்தி வந்தது. முகாமைக் காட்டிக்கொடுத்த கோடு ஒரு பெண்ணின் வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்க எத்தனை நாழிகை ஆகும்? இவையெல்லாம் அவசியமானவை; எந்தப் பெண்ணுக்கும் நான் இவற்றைச் சிபாரிசு செய்வேன். ஆனால் அவள் அண்ணனும் ஓடுகிறான். அவன் வீட்டுச் சாவியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறான். ஒரே தெருவில் ஒரே வேளையில் ஓடும் இருவரில் ஒருவர் மட்டும் இத்தனை சுமையைத் தூக்கிக்கொண்டு ஓட நேர்வது எனக்கு ஆறாத மனக்குறையாக இருந்தது.

என் பயம் ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. 1998-ஆம் ஆண்டு ஜூலை மாதம், கூவத்துக்கு அக்கரையில், எழும்பூர் எத்திராஜ் கல்லூரிக்கு அருகே, ஆட்டோவில் வந்த சில இளைஞர்களின் சேஷ்டையால் கீழே விழுந்து தலையில் அடிபட்ட மாணவி ஒருத்தி சில தினங்களில் உயிர் நீத்தாள். அந்த மாதம் முடிவதற்குள் அவசரச் சட்டம் பிறந்தது. பிறகு அது தமிழ்நாட்டின் நிரந்தரச் சட்டமாயிற்று. முதலில் அதற்கு இட்ட பெயரில் 'ஈவ் டீசிங்' என்ற சொல் இருந்தது. ஒரு பெண்ணின் உயிரைக் கொண்டுபோன காரியத்துக்கு விளையாட்டுக் கேலி என்று பொருள்படும் ஒரு வார்த்தையைச் சட்டமே கையாண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பொறுப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பெயரைத் திருத்திப் பெண்களைத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் என்று ஆக்கினார்கள். 2012 நவம்பரில், தென்காசிப் பேருந்து நிலையத்தில் நடந்த ஒரு சம்பவத்தால் எழுந்த வழக்கில், பேருந்து நிலையங்களிலும் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் சாதாரண உடையில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மகளிருக்கென்றே தனிக் காவல் நிலையம் தமிழ்நாட்டில் முதன்முதலாக 1992-இல் தோன்றியதும் எங்களுக்கு வெகு தூரத்தில் அன்று, ஆயிரம் விளக்கில்தான். சட்டம் இல்லாத தேசமன்று இது. என்றாலும் 2016 ஜூன் 24-ஆம் தேதி, காலை ஏழு மணிக்கு முன்பே, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண், சுற்றிலும் ஜனங்கள் இருக்கும்போதே வெட்டிக் கொல்லப்பட்டாள். ஆள் நடமாட்டம் இருந்தால் பயமில்லை என்று அதுவரை நான் நம்பிவந்த நம்பிக்கையும் அன்றோடு போயிற்று.

என் மகள் ஓடித் திரும்பும் மெரினாவில், 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட ஔவையார் சிலை இருக்கிறது. தன்னந்தனியாக ஊர் ஊராகத் திரிந்து, அரசர் சபையிலும் குடியானவர் குடிசையிலும் ஒரே சுதந்திரத்தோடு நுழைந்து பேசிய பெண் யார் என்று கேட்டால் தமிழர் அனைவரும் ஔவையைத்தான் சொல்லுவோம். ஆனால் அந்தச் சுதந்திரத்தை அவள் என்ன விலைக்கு வாங்கினாள்? பெற்றோர் மணம் பேசிய வேளையில் விநாயகரை வேண்டித் தன் இளமையையே உதிர்த்துவிட்டுக் கிழவியானாள் என்பது கதை. காரைக்கால் அம்மையாரும், கணவனுக்காகத் தாங்கிய உடலின் அழகு இனி வேண்டாமென்று சதையை உதறிப் பேயுருவத்தை வேண்டிப் பெற்ற பிறகே தனியாகக் கயிலைக்குப் பிரயாணப்பட்டார். நம்முடைய மகத்தான கற்பனையுங்கூட, இளம்பெண் ஒருத்தி இளம்பெண்ணாகவே இருந்துகொண்டு தனிவழி போவதற்கு இடம் கொடுக்கவில்லை! இந்தக் கதைகளைச் சிறு பிராயம் முதல் பக்தியோடு கேட்டுவந்தவன் நான்; அவற்றுக்குள் இப்படி ஒரு துக்கம் இருப்பது என் மகள் ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

இவ்வளவும் யோசித்தவன் செய்த காரியத்தை இப்போது சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தெரியாமல், விளக்கில்லாத என் பழைய சைக்கிளில், ஐம்பது அறுபது கஜம் பின்தங்கி, தினந்தோறும் நான் அவளைத் தொடரலானேன். அவள் திரும்பிப் பார்த்தால் நிழலில் ஒதுங்கி நின்றுவிடுவேன். தகப்பனின் கடமை என்றே அதை நினைத்தேன்; அதில் ஒரு பெருமிதமும் இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

எங்கள் பேட்டையின் மீன் அங்காடி விடிவதற்கு வெகு முன்பே விழித்துவிடும். ஐஸ் பெட்டிகள் இறங்கும், கூடைகள் நிரம்பும், தலையில் சும்மாடு வைத்த பெண்கள் வந்து சேருவார்கள். அதே வேளையில் தெருவைப் பெருக்கும் துப்புரவுப் பணிப்பெண்கள் வருவார்கள்; பூக்காரிகள் வருவார்கள். நூறாண்டுகளாக இந்த நகரம் இருட்டில் தனியே நடக்கும் பெண்களின் உழைப்பால்தான் காலைதோறும் கண் விழிக்கிறது. அவர்களுடைய பத்திரத்தைக் குறித்து யாரும், நான் உட்பட, ஒரு நாளும் விசாரப்பட்டதில்லை. பிழைப்புக்காக இருட்டில் போகிறவளை யாரும் கேட்பதில்லை. தன் சந்தோஷத்துக்காகப் போகிறவளைத்தான் எல்லோரும் கேட்கிறோம்.

பதினோராம் நாள், அங்காடி முனையில், கூடையை இறக்கி வைத்திருந்த ஓர் அம்மாள் சட்டென்று வந்து என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், நில்லு. பத்து நாளா பாத்துக்கினே கீறேன், அந்தப் பொண்ணு பின்னாலயே போய்க்கினு கீற. இன்னா சமாச்சாரம்?" என்றாள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அருகில் வந்து நின்றார்கள். "அது என் பெண் அம்மா" என்றேன். "அத்த அதுவே வந்து சொல்லட்டும். அதுவரிக்கும் குந்து இங்க" என்று ஒரு காலிப் பெட்டியைக் காட்டினாள். என் வயதையோ, வேட்டி சட்டையையோ, தழுதழுத்த குரலையோ அவள் சாட்சியாக ஏற்கவில்லை. முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். மகள் வியர்வை வழியத் திரும்பி வந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்து நின்று, "எங்க அப்பாதான் அக்கா" என்று சொன்ன பிறகே சைக்கிள் என் கைக்கு வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "பின்னால ஒரு சைக்கிள் வர்றது எனக்குத் தெரியும்ப்பா. சத்தம் கேக்கும்போதெல்லாம் வயித்துல புளியைக் கரைச்சுது. ரெண்டு நாள் வழியைக்கூட மாத்திப் பாத்தேன். நீங்களா அது?" ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஓட வேண்டாம்னு சொல்லிடுவீங்களே" என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் அஞ்சிய உருவம் நானே. அந்த அச்சத்தைச் சொல்லி ஆறுதல் தேட முடியாதபடி அவள் வாயை அடைத்தவனும் நானே. எத்தனை வீடுகளில், தெருவில் பட்ட அவமானத்தைப் பெண்கள் இதே காரணத்தால் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்! வெளியே ஒருவன் செய்த அபராதத்துக்கு உள்ளே இவளுடைய சுதந்திரம் பறிபோகும் என்று தெரிந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? தொல்லை தருகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஒத்தாசை வேறு வேண்டாம்.

1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்த காலத்தில், நூற்போரையும் நெசவாளரையும் குடியேற்றி உண்டான ஊர் எங்கள் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே மருவி இப்பெயர் ஆயிற்று என்பார்கள். என் பால்யத்தில் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. திண்ணைக்குத் திண்ணை ஒரு கண் இருந்தது. திண்ணைகள் போய்விட்டதால்தான் தெருக்கள் பயத்துக்குரியவை ஆகிவிட்டன என்று நான் பலரிடம் வாதித்ததுண்டு. அந்த வாதம் பாதிதான் மெய். அந்தத் திண்ணைகள் எவளையும் 'எங்கே போகிறாய், யாரோடு போகிறாய்' என்று கேட்டனவே அன்றி, அவள் பின்னால் வந்தவனை ஒரு நாளும் கேட்டதில்லை. அவை காவலைவிட வேவையே அதிகம் செய்தன. மீன் அங்காடி அம்மாள் பத்து நாளும் என் மகளை நிறுத்தி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவளை அவள் பாட்டுக்கு ஓட விட்டாள். என்னைத்தான் நிறுத்தினாள். நுங்கம்பாக்கத்து நடைமேடையில் ஜனங்களுக்குக் குறைவில்லை. இப்படிக் கைப்பிடியைப் பற்றுகிற ஒரு கைதான் இல்லை.

2022 செப்டம்பரில், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் விடியுமுன் ஓடச் சென்ற ஓர் ஆசிரியை கடத்திக் கொல்லப்பட்டார். இருட்டில் தனியே ஏன் போனாள் என்ற கேள்வி அங்கேயும் எழாமல் இல்லை. ஒரு வாரம் கழித்து, அதே இருள் பிரியாத வேளையில், அவருடைய பாதையிலேயே பெண்கள் பெருந்திரளாக ஓடி, அவர் முடிக்காத ஓட்டத்தை முடித்தார்கள். அதைப் படித்தபோது மார்கழி இருட்டில் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு புறப்படும் ஆண்டாளின் ஆய்ச்சியர் என் நினைவுக்கு வந்தார்கள்.

சைக்கிளை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. அவள் போனதும் கதவைத் தாழிட்டுக் காபி போட்டுக்கொண்டு உட்காருகிறேன். பயம் முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சென்ற ஆவணியில் அவளுக்கு ஜுரம் கண்டு இரண்டு நாள் படுத்துவிட்டாள். இரண்டாம் நாள் ஏழரை மணி இருக்கும். வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். விற்றுத் தீர்ந்த காலிக் கூடை இடுப்பில் இருக்க, அந்த அம்மாள் நின்றிருந்தாள்.

"இன்னா நைனா, ரெண்டு நாளா பொண்ணக் காணோம்?"

ஜுரம் என்று சொன்னேன். என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "கூப்டு, பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

நான் உள்ளே போய் மகளை எழுப்பினேன்.