கிராம சபையும் அனுமோதனமும்

தான் கொல்லாதிருத்தல் மட்டுமே கொல்லாமை ஆகுமா என்னும் வினாவிற்கு ஜைன நூல்கள் ஐயத்திற்கு இடமின்றி விடை பகர்ந்துள்ளன. ஒரு வினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினை வந்து சேரும் வாயில்களே. இவற்றைக் கிருதம், காரிதம், அனுமோதனம் என்பர். தத்துவார்த்த சூத்திரம் இம்மூன்றையும் எண்ணல், முயலல், தொடங்கல் என்னும் மூன்று நிலைகளோடும், மனம் மொழி மெய்களோடும், நான்கு கஷாயங்களோடும் சேர்த்துக் கூறும். பெருக்கினால் 108 வரும். அவற்றுள் உடன்பாட்டிற்கு மட்டும் உரியவை 36. செய்தவனுக்கு எத்தனையோ, ஒப்பியவனுக்கும் அத்தனை.

மக்களாட்சிக் காலத்தில் இவ்வுடன்பாடு ஒரு புது வடிவம் பெற்றுள்ளது. அது வாக்கு.

அமெரிக்க நாட்டின் சில மாநிலங்களில், சட்டமன்றத்தை எதிர்நோக்காது மக்களே ஒரு சட்டத்தை முன்மொழிந்து வாக்கெடுப்பால் நிறைவேற்றிக்கொள்ளும் முறை உண்டு. மின் நிறுவனங்கள் தம் மின்சாரத்தில் ஒரு பகுதியைக் காற்று, கதிரவன் முதலியவற்றிலிருந்து பெற்றாக வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டில் கொலராடோ மக்கள் இவ்வாறே விதித்தனர். கலிபோர்னியாவின் தட்பவெப்பச் சட்டத்தை நிறுத்திவைக்கும் முயற்சியை 2010-இல் அம்மாநில மக்களே முறியடித்தனர். ஆயினும் 2018-இல் வாஷிங்டன் மாநிலத்தில் கரிப்புகைக்குக் கட்டணம் விதிக்கும் திட்டம் தோற்றது. எண்ணெய் நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு எதிர்த்தது உண்மை. எரிபொருளின் விலை உயரும் என்ற அச்சமும் உடனிருந்தது. தூய காற்றை விரும்பாதார் யார்? அதற்குரிய விலையைத் தம் பையிலிருந்து தரவேண்டும் என்னும்போதுதான் கை தயங்குகிறது.

நம் நாட்டில் இத்தகைய வாக்கெடுப்பு இல்லை. நமக்குள்ள நேரடி மன்றம் கிராம சபை ஒன்றே. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு உருக்கொடுத்தன. அதனை வெறும் சடங்கென எள்ளுவோர் ஒடிசாவின் நியமகிரியை நினைத்தல் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாவென்று ஒருமுகமாக உரைத்தன. சுரங்கம் வரவில்லை.

இனி ராயக்கோட்டைப் பகுதியைக் காண்போம். தக்காளிக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் ஒருபுறம் ஓசூர்த் தொழிற்பேட்டை, மறுபுறம் கிருஷ்ணகிரி. வேலைநாடி ஊர்விட்டு வந்த நம் இளைஞர் பலரும் இத்தகைய தொழிற்பகுதிகளிலேயே ஊதியம் பெறுகின்றனர். மின்சாரத்தால் ஓடும் இருசக்கர வண்டிகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகின்றன. அவ்வண்டி புகை கக்குவதில்லை. ஆனால் அதற்கு ஊட்டும் மின்சாரத்தில் மேட்டூர், வடசென்னை, தூத்துக்குடி அனல் நிலையங்களின் நிலக்கரி கலந்திருக்கிறது. புகை நம் தெருவிலிருந்து அகன்று வேறொருவர் தெருவிற்குச் செல்வது அகிம்சை ஆகாது.

மேட்டூர் உலையை அணைக்க ராயக்கோட்டைச் சுற்றுவட்டத்து ஊராட்சி எதற்கும் அதிகாரமில்லை. ஆனால் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் ஊராட்சியின் பொறுப்பு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதனை உணர்ந்து, 2006-இல் வங்கிக் கடன் பெற்று, 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைத் தனக்கெனவே அமைத்தது. தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்றது. ஒரு சிற்றூர் இதனைச் செய்ததென்பதை நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

காற்றாலையும் கதிரொளித் தகடும் இம்சையற்றவை அல்லவே என்று சிலர் வினவலாம். உண்மையே. இராஜஸ்தானத்தில் கதிரொளி மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகளில் மோதிக் கானமயில்கள் மாய்கின்றன. 2021-இல் அக்கம்பிகளைப் புதைக்குமாறு ஆணையிட்ட உச்ச நீதிமன்றமே 2024-இல் அவ்வாணையைத் தளர்த்த நேர்ந்தது. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது அணுவிரதம். இம்சையை முற்றும் ஒழித்தல் முனிவர்க்கு, குறைத்தல் நமக்கு. அனலைவிடக் காற்றில் இம்சை குறைவென்றால் அதனைத் தேர்தலே சாவகர் கடன்.

இங்குதான் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் உதவுகிறது. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதைத்தல், தீயை மூட்டல், காற்றை வீசச் செய்தல், செடிகொடிகளை வெட்டல் ஆகியவற்றை அவர் அநர்த்த தண்டத்தில் அடக்கினார். மின்விசை இல்லாத காலத்தில் எழுதப்பட்ட அந்நூல், ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியை எண்ணி எழுதப்பட்டது போலவே தோன்றுகிறது. நல்ல தீர்மானத்திற்குக் கை உயர்த்திவிட்டு, வீட்டில் விளக்கை அணைக்காதவன் ஒரு கையால் உடன்பாட்டை மறுத்து மறு கையால் வினையைத் தானே செய்கிறான்.

சபைக்குச் செல்லாமலே இருந்துவிடின் பாவமில்லையே என்பாரும் உளர். மனத்தால் வெறுத்து, சொல்ல வழியின்றி இருப்பவன் மௌனம் வேறு. வழி இருந்தும், கிடைக்கும் வசதி குறையுமே என்று வாளா இருப்பவன் மௌனம் வேறு. பின்னதை அந்த 36-இல் சேர்க்காதிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கிராம சபை குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் முதல் நாள் என ஆண்டிற்கு ஆறுமுறை கூடுகிறது. தெருவிளக்குகளுக்குக் கதிரொளி என்று ஒரே வரியில் தீர்மானம் கொண்டுவர எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு.