பிறவாத கடவுளும் பிறந்த கடவுளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த கீரிமலைக் கேணி, கடலுக்கு மிக அண்மையில் உள்ளது. சுண்ணாம்புப் பாறையின் ஊடாக ஊறிவரும் நன்னீர் ஒருபுறமும், மதிலுக்கு அப்பால் உவர்க்கடல் மறுபுறமும் இருக்கக் காணலாம். ஆடி அமாவாசை நாளில் தந்தையை இழந்தோர் இங்குக் கூடிப் பிதிர்க்கடன் ஆற்றி, நீராடி, நகுலேஸ்வரப் பெருமானை வழிபட்டுச் செல்வர். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் மூழ்கி மனித முகம் பெற்றார் என்பதும், குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு நீராடி அவ்விகாரம் நீங்கப்பெற்றாள் என்பதும் தலத்தின் ஐதிகங்களாகும். இக்கதைகளில் முகம் மாறுவது மானிடர்க்கே. மாற்றுகின்ற இறைவன் மாறுவதில்லை.

இறைவன் மாறுவதில்லை என்னும் இவ்வுறுதிப்பாட்டுக்கு எதிராக, இவ்வூரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தெல்லிப்பழையில் மற்றொரு செய்தி போதிக்கப்பட்டது. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்குத் தம் பணியைத் தொடங்கினர். கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றிற் பிறந்தார், பசித்தார், அழுதார், சிலுவையில் இறந்தார் என்பது அவர்தம் செய்தி. கடவுள் பிறக்கவும் துன்புறவும் இயலுமோ என்னும் வினா அன்றே எழுந்தது. அவ்வினாவுக்கு இரு சமயங்களும் அளிக்கும் விடைகளை ஒப்புநோக்குவதும், மாற்றுக்கொள்கையினரை எவ்வாறு நடத்துதல் அறமாகும் என்பதை அவ்வொப்புநோக்கின் வழி ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணச் சமயவாதங்கள் யாவரும் அறிந்தவை. முத்துக்குமார கவிராசர் (1780–1851) ‘ஞானக்கும்மி’, ‘யேசுமத பரிகாரம்’ ஆகியவற்றைப் பாடிக் கிறிஸ்தவ போதனையை எதிர்த்தார். 1841இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகை சமயவிவாதங்களுக்கும் களமாயிற்று. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று அந்நூலை நன்கறிந்திருந்த ஆறுமுக நாவலர், 1854இல் ‘சைவதூஷண பரிகார’த்தை வெளியிட்டார். மிஷனரிமார் சைவரிடம் குற்றமாகக் கண்ட கோயில், கிரியை முதலியவற்றுக்கு ஒப்பானவை விவிலியத்திலேயே உள்ளன என்று காட்டுவது அந்நூலின் வாதமுறையாகும். ஆயினும், ஒருசாரார் சிவபெருமானின் புராணச் செயல்களைச் சுட்டி நகைப்பதும், மறுசாரார் கிறிஸ்துவின் பிறப்பையும் இறப்பையும் சுட்டி நகைப்பதுமாகவே அக்காலத்து வாதங்களிற் பெரும்பகுதி கழிந்தது. நகைப்புக்கு அடியில் இருந்த தத்துவ வினா போதிய அளவு ஆராயப்படவில்லை.

சைவரின் வினாவுக்கு ஆழ்ந்த அடிப்படை உண்டு. சைவசித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். பிறப்பு என்பது பசுவாகிய உயிர் தன் கன்மப் பயனை நுகர்தற்பொருட்டு எடுப்பது. துன்பம் அக்கன்மத்தின் விளைவு. ஆகவே பிறந்து துன்புற்று இறந்த ஒருவர், எத்துணை உயர்ந்தவராயினும், கன்மத்துக்கு உட்பட்ட உயிரேயாவர், பதியாதல் இயலாது. திருமாலின் அவதாரங்களை நோக்கிச் சைவர் எழுப்பிய தடையும் இதுவே. கிறிஸ்தவருக்கென்று தனியே புனையப்பட்ட பகையுரை அன்று அது. பிறப்பிலியாகிய இறைவனின் தூய்மையைக் காக்க விழைந்த அன்பின் குரல் என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இவ்வினா கிறிஸ்தவத்துக்கும் புதியதன்று. தெல்லிப்பழையில் மிஷனரிமார் வந்திறங்குவதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே, திருச்சபைக்குள்ளேயே இது கடுமையாக ஆராயப்பட்டது. ‘திரிபுக் கொள்கைகள்’ என்று பின்னர் ஒதுக்கப்பட்டவை பலவும் இதற்கு அளிக்கப்பட்ட விடைகளே. கிறிஸ்துவின் உடல் மெய்யுடலன்று, தோற்றம் மாத்திரமே என்றனர் ஒருசாரார். இறைத்தன்மை ஊனோடு கலந்து மாசுறலாகாது என்பது அவர்தம் அச்சம். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இக்னேசியார் இவர்களை வன்மையாக மறுத்தார். கிறிஸ்து மெய்யான மனிதரே, கடவுளின் அருளால் உயர்த்தப்பட்டவர் என்றனர் மற்றொருசாரார். கடவுளின் ஒருமை குலைந்துவிடலாகாது என்பது இவர்தம் கவலை. சபேலியுஸ் என்பார் ஒரே கடவுள் தந்தையாகவும் மகனாகவும் ஆவியாகவும் மும்முகம் காட்டினார் என்றார். அவர் காக்க முயன்றதும் ஒருமையையே.

இவற்றுள் வலிமை மிக்கது, அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸின் கொள்கையாகும். தந்தை ஒருவரே தொடக்கமற்றவர். மகனோ எல்லாப் படைப்புக்கும் முன்னே, இன்மையினின்று படைக்கப்பட்டவர். படைப்புக்களுள் தலையாயவர், ஆயினும் படைப்பே. இங்ஙனம் கொண்டால் பிறந்ததும் அழுததும் இறந்ததும் முழுமுதற் கடவுளைச் சாரா. இக்கொள்கையில் ஒரு தெளிவு உண்டென்பதை மறுத்தற்கில்லை. கி.பி. 325இல் நிசேயாவிற் கூடிய சங்கம் இதனை விலக்கி, மகன் தந்தையோடு ஒரே பொருளாயுள்ளவர் என்று அறுதியிட்டது.

இந்த அறுதியிடலைப் பல்லாண்டுகள் காத்துநின்றவர் அத்தனாசியார். அவருடைய வாதத்தின் உயிர்நிலை இதுவெனலாம்: படைப்பு ஒன்று மற்றொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்தல் இயலாது. மனிதனுக்கு வீடு அளிப்பவர் கடவுளே என்றால், அதனை அளிக்க வந்த கிறிஸ்து கடவுளேயாதல் வேண்டும். அவர் இடையிலுள்ள தூதர் ஒருவரெனின், மனிதன் பெற்றது தூதரோடு கூடிய உறவேயன்றிக் கடவுளோடு கூடிய உறவாகாது.

சைவசித்தாந்தம் கற்றவர்க்கு இவ்வாதம் அயலான ஒன்றாகத் தோன்றாது. உயிரைப் பாசத்தினின்று விடுவிக்கப் பிறிதோர் உயிரால் ஆகாது, பதியே அதனைச் செய்தல் வேண்டும் என்பது அச்சித்தாந்தத்தின் துணிபு. மும்மலமும் உடைய சகலருக்கு இறைவன் மானிடக் குருவின் வடிவில் மறைந்துநின்று உணர்த்துவான் என மெய்கண்டார் வழிவந்தோர் கூறுவர். அருளை அளிப்பவன் முதல்வனே, அவனுக்கு மாற்றாக எவரும் இல்லை என்னும் இடத்தில் நிசேயாவும் சித்தாந்தமும் உடன்படுகின்றன. ஆரியுஸின் கிறிஸ்துவை அத்தனாசியார் ஏற்காததற்குக் காரணம் யாதோ, அதே காரணத்தாற் சைவரும் அத்தகைய இடைநிலைத் தெய்வத்தை ஏற்றல் இயலாது.

எனில், வேறுபாடு எங்கே தொடங்குகிறது? வந்தவன் முதல்வனே என்று கொண்டபின், அவன் எடுத்த உடல் எத்தகையது என்னும் இடத்திலேயே வழிகள் பிரிகின்றன. சித்தாந்தத்தில் இறைவனின் திருமேனி கன்மத்தால் வந்ததன்று, அருளால் ஆயது. திருவிளையாடலில் வரும் மண்சுமந்த கதை இதனை அழகுற விளக்கும். வந்தி என்னும் முதியவளுக்காகக் கூலியாளாய் வந்த சிவபெருமான், வேலையிற் குறைவைத்தமைக்காகப் பாண்டியனின் பிரம்படி பெறுகிறான். அவ்வடி பாண்டியன் மீதும் எல்லா உயிர்கள் மீதும் படுகிறது. இறைவன் அடி பெறுகிறான், வடுவோ உலகெங்கும் தோன்றுகிறது. அவன் உயிருக்கு உயிராய் எங்கும் நிறைந்தவன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

கிறிஸ்தவத்திற் கதையின் திசை வேறு. ஆங்கு எல்லார்க்கும் உரிய வடுவை ஒருவர் தாங்குகிறார். அதன்பொருட்டு அவ்வுடல் மெய்யுடலாதல் வேண்டும். கிறிஸ்துவிடம் மனித அறிவுக்குப் பதிலாகத் தெய்வ வாக்கே இருந்தது என்று அப்பொலினாரியுஸ் கூறியபொழுது, மனிதனிடத்தில் எது ஏற்றுக்கொள்ளப்படவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை என்னும் கருத்தால் நசியான்சின் கிரகோரியார் அவரை மறுத்தார். கி.பி. 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் அப்பொலினாரியுஸின் கொள்கையை விலக்கியது. பின்னர் 451இல் கல்சிடோன் சங்கம், கிறிஸ்துவில் இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் மாறாமலும் பிளவுறாமலும் பிரியாமலும் ஓராளிடத்தே உள்ளன என வரையறுத்தது. இறையியல்பு தன்னளவில் துன்புறாது என்பதைத் திருச்சபையும் கைவிடவில்லை. துன்புற்றது அவர் ஏற்ற மனித இயல்பில். ஆயினும் துன்புற்ற ஆள் கடவுளின் மகனே.

கடவுள் இறந்தாரோ என்று யாழ்ப்பாணத்துச் சைவர் வினவியபொழுது, உண்மையில் அவர் கல்சிடோன் சங்கத்தின் வாயிலில் நின்றே வினவினார் எனலாம். இறையியல்பு மாறாது என்பதில் இருசாராரும் ஒன்றுபடுவர். எஞ்சும் வேறுபாடு கன்மம் பற்றியது. துன்பமெல்லாம் வினையின் பயனாயின், துன்புற்றவர் வினையுடையார் என்பது முடிபு. வினையில்லாத ஒருவர் பிறர்பொருட்டுத் தாமே விரும்பித் துன்பத்தை ஏற்கலாம் எனின், சிலுவை இழிவின் அடையாளம் ஆகாது. நஞ்சுண்டு பிறரைக் காத்த நீலகண்டனை வணங்குவோர் பிறர்பொருட்டு ஏற்கும் செயலின் பெருமையை அறியாதவர் அல்லர். ஆயினும் அந்நஞ்சு அவன் கண்டத்தில் அணியாய் நின்றதேயன்றி அவனை வருத்தவில்லை என்பர் அவர். இந்த வேறுபாடு மெய்யானது. அதனைச் சமரசச் சொற்களால் மூடுதல் இருசமயங்களுக்கும் செய்யும் அநீதியாகும். அதனை வசைச்சொற்களால் மூடுதலும் அவ்வாறே.

இனி, அறம் பற்றிய வினாவுக்கு வருவோம். நிசேயாவின் முடிபு வாதத்தால் மட்டும் நிலைநாட்டப்பட்டதன்று. பேரரசன் கொன்ஸ்தாந்தைன் ஆரியுஸை நாடுகடத்தினான். அவர் நூல்களை எரிக்கவும் ஆணையிட்டான். பின்னர் அரசர் மனம் மாறவே, அத்தனாசியார் தாமே ஐந்துமுறை நாடுகடத்தப்பட்டு ஏறக்குறைய பதினேழு ஆண்டுகளை அவ்வாறு கழித்தார். ஒரே நூற்றாண்டில் அரச வலிமை இருதரப்புக்கும் மாறிமாறித் துணைநின்றதெனின், அவ்வலிமை உண்மைக்கு அளவுகோல் ஆகாமை வெளிப்படை. ஆரியுஸ் பற்றி இன்று அறியப்படுவதிற் பெரும்பகுதி அவர்தம் எதிரிகளின் எழுத்துவழி வந்ததே என்பதும் சிந்திக்கற்பாலது.

இதற்கு ஈழத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. கி.பி. 431இல் எபேசு சங்கம் நெஸ்தோரியுஸை விலக்கியது. அவரை விலக்க இசையாத கீழைச் சபை பாரசீகத்தில் வளர்ந்தது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் பயணி, இலங்கையிற் பாரசீகக் கிறிஸ்தவரின் சபை இருந்ததெனக் குறிப்பிடுகிறார். அநுராதபுரத்தில் 1912இற் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையும் அம்மரபினது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மேலைச் சபைகள் திரிபினர் என்று கூறியோரே இத்தீவில் நாமறியும் முதற் கிறிஸ்தவராவர். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் நெஸ்தோரியுஸைச் சபிக்குமாறு 1599இல் உதயம்பேரூர்ச் சங்கத்திற் போர்த்துக்கேயரால் வற்புறுத்தப்பட்டனர். அவர்தம் சுரியானி நூல்கள் பல அழிக்கப்பட்டன. ஆயின் 1994இல் உரோமைப் பாப்பரசரும் கீழைச் சபையின் தலைவரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, கிறிஸ்து பற்றிய இருதரப்பு நம்பிக்கையும் சொல்லால் வேறுபடினும் ஒன்றே என ஏற்றுக்கொண்டது. பதினைந்து நூற்றாண்டுகளின்பின் ஒன்றென அறியப்பட்ட ஒன்றுக்காகவே அந்நூல்கள் தீக்கிரையாயின என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் வருந்தும்.

அதே போர்த்துக்கேயரே பதினேழாம் நூற்றாண்டில் யாழ்ப்பாண அரசை வென்று, கீரிமலைச் சிவன் கோயிலையும் தகர்த்தனர். நாவலர் அதன் திருப்பணிக்குக் குரல்கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மீண்டெழுந்தது. 1990இற் போரினால் மீண்டும் சிதைவுற்று, ஊரவரும் இடம்பெயர, நெடுங்காலத்தின்பின் 2012இற் குடமுழுக்குக் கண்டது. கோயிலை இடித்தோர் பிறவாத கடவுள் என்னும் கருத்தை இடிக்க இயலவில்லை. ஆரியுஸின் நூல்களை எரித்தோரும் அவர் எழுப்பிய வினாவை எரிக்க இயலவில்லை.

மாற்றுக்கொள்கையை மறுத்தலே கூடாது என்பது இதன் கருத்தன்று. உண்மை ஒன்றென நம்புவோர் பிழையைப் பிழையென்றே கூறுவர். அத்தனாசியார் மறுத்திராவிடின் கிறிஸ்தவம் தன் நடுப்பொருளை இழந்திருக்கும். மறுக்கும் முறையிலேயே அறம் தங்கியுள்ளது. இதற்குத் தமிழிலேயே ஒரு மரபு உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திற் பதினான்கு மதங்களை மறுக்கிறார். ஒவ்வொன்றிலும் முதலில் அம்மதத்தார் கூற்று முறையாக எடுத்துரைக்கப்படுகிறது, பின்னரே மறுப்பு வருகிறது. எதிரியின் கொள்கையை அவன் வாயாற் கேட்பதுபோற் கேட்டு, அவன் எதனைக் காக்க முயல்கிறான் என்பதை உணர்ந்தபின் விடையிறுப்பது வாதத்தின் இலக்கணம் மட்டுமன்று, அது ஓர் அறமுமாகும். ஆரியுஸ் காக்க முயன்றது கடவுளின் மேன்மை. நெஸ்தோரியுஸ் காக்க முயன்றது இறையியல்பின் மாறாமை. யாழ்ப்பாணத்துச் சைவர் காக்க முயன்றதும் அவ்விரண்டையுமே. சிலுவையை முன்னிறுத்தியோர் காக்க முயன்றது கடவுளின் அண்மை. மேன்மையை விட்டு அண்மையை மட்டும் பேசுவோரும், அண்மையை விட்டு மேன்மையை மட்டும் பேசுவோரும் கடவுளைப் பாதியே அறிந்தவராவர்.

ஆடி அமாவாசையிற் கீரிமலைக்கு வருவோர் தத்துவ வாதம் செய்ய வருவதில்லை. இறந்த தந்தைக்குத் தம்மால் இயன்றதைச் செய்யவும், தம் துயரைக் கேட்பான் ஒருவன் உளன் என்னும் நம்பிக்கையோடு நீராடவுமே வருகின்றனர். துயரைக் கேட்பவன் தானும் துயருறுவானோ, அன்றித் துயரற்றவனாதலினாலேயே துயரைத் துடைக்க வல்லவனோ என்னும் வினா அவர்கள் உள்ளத்தின் அடியிலும் இருத்தல் கூடும். அவ்வினாவுக்கு இரு சமயங்களும் வெவ்வேறு விடை தந்துள்ளன. இரண்டையும் முழுமையாகக் கேட்கும் பொறுமையைப் பல்கலைக்கழகக் கல்வி அளிக்குமாயின், நம் முன்னோர் பாதியில் விட்ட வாதத்தை இனியேனும் பகையின்றித் தொடர்தல் கூடும்.