குருதி உண்பவர் யார்? – இயக்கி மரபு எழுப்பும் ஓர் அறக்கேள்வி

முன்னுரை

பாலக்காட்டு மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969 ஆம் ஆண்டு வடித்த இயக்கியின் சிலை உள்ளது. ஏறத்தாழ முப்பதடி உயரமுடைய அச்சிலை, ஆடையற்ற கோலத்தின் பொருட்டு எதிர்ப்புக்கு உள்ளானது; இன்று அவ்வூரின் அடையாளமாகவே அறியப்படுகிறது. மலையாள நாட்டு வாய்மொழிக் கதைகளில் இயக்கி, அதாவது யட்சி, இரவில் தனிவழி செல்லும் ஆடவரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கி, அவர்தம் குருதியைக் குடிப்பவள். விடிந்தபின் பனையடியில் மயிரும் நகமுமே எஞ்சும் என்பர். மேலைநாட்டுக் குருதி குடிக்கும் பேய்க்கு நம் நிலத்தில் நிகரான உருவம் இவளே எனலாம். இவ்வுருவத்தின் வழி ஓர் அறக்கேள்வியை எழுப்ப இக்கட்டுரை முற்படுகிறது. ஒருவரைக் குருதி உண்பவர் எனப் பெயரிடும்போது நாம் எதைச் செய்கிறோம்? எதைச் செய்யாமல் விடுகிறோம்?

ஆப்பும் ஆணியும்

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897 ஆம் ஆண்டு வெளிவந்தது. நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆகிய அப்புதினத்தில் டிராகுலா தன் நிலையைத் தானே எழுதும் நாட்குறிப்பு ஒன்றும் இல்லை. லூசி என்னும் பெண் உயிரோடிருக்கும்வரை எழுதுகிறாள். குருதி குடிப்பவளாக மாறியபின் அவள் எழுத்து நின்றுவிடுகிறது. இறுதியில் அவளை மணக்கவிருந்தவனே அவள் நெஞ்சில் ஆப்பு அறைகிறான். அச்செயல் நூலில் கருணையாகவே காட்டப்பெறுகிறது.

கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ தொகுத்துத் தந்த கடமற்றத்துக் கத்தனார் கதையிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. பத்மநாபபுரத்துக்குச் செல்லும் வழியில் வருவோரைக் கொன்றுவந்த இயக்கியின் தலையில் கத்தனார் இரும்பாணியை அறைகிறார். உடனே அவள் அடங்கிய பெண்ணாகிறாள். ஒரு வீட்டில் பணிசெய்து வாழ்கிறாள். தலைவாரிவிடும்போது ஆணி கண்ணிற்பட்டுப் பிடுங்கப்படுகிறது. அவள் பழைய உருக்கொள்கிறாள். ஆணி அவளை அடக்கியதேயன்றி, அவள் ஏன் அவ்வாறானாள் என்னும் வினாவுக்கு விடை தரவில்லை. எனவேதான் ஆணி நீங்கியதும் அனைத்தும் மீண்டுவிடுகிறது.

நீலியின் கண்ணீர்

இவ்வினாவுக்கு விடை தமிழ்நிலத்தின் நீலி கதையில் உள்ளது. பழையனூர் நீலி, கள்ளியங்காட்டு நீலி என வடிவங்கள் பலவாயினும் அவற்றின் கரு ஒன்றே. நம்பியவனால் கொலையுண்ட பெண் மறுபிறவியிலும் அவனைத் தொடர்கிறாள். பழையனூர்க் கதையில் அவள் மாயக் குழந்தையுடன் வந்து, வணிகனாகப் பிறந்துள்ள அவனைத் தன் கணவன் என்று ஊரவையில் வழக்குரைக்கிறாள். அவன் அஞ்சி மறுக்கிறான். வேளாளர் எழுபதின்மர், ‘உன் உயிருக்கு எம் உயிர் பிணை’ என உறுதிகூறி அவனை அவளுடன் அனுப்புகின்றனர். அவன் கொல்லப்படவே, சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்புகுகின்றனர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்நிகழ்ச்சியைச் சுட்டுவதால் இக்கதையின் தொன்மை விளங்கும்.

இக்கதையிலிருந்து வழக்கில் எஞ்சியவை இரண்டு. ஒன்று வேளாளரின் வாய்மை, அது போற்றத்தக்கதே. மற்றொன்று ‘நீலிக் கண்ணீர்’ என்னும் வழக்கு. கொலையுண்ட பெண்ணின் அழுகை, பொய்யழுகைக்குப் பெயராகிவிட்டது. அவையின்முன் அவள் கூறியது பொய் என்பது உண்மை. ஆயின் அப்பொய்க்கு அடியில் ஒரு மெய் இருந்தது: அவன் அவளைக் கொன்றவன். முற்பிறவிக் கொலையை விசாரிக்கும் அவை எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. முறையிட இடமில்லாத குறையே பேயுருக் கொள்கிறது என்பது இக்கதை உணர்த்தும் பொருள் எனக் கொள்ளலாம்.

தொடக்கத்தில் இயக்கி அச்சுறுத்தும் உருவமன்று என்பதும் இவண் நினைக்கத்தக்கது. சிலப்பதிகாரத்தில் ஆயர் முதுமகள் மாதரி மதுரைப் புறஞ்சேரியில் வழிபட்டுத் திரும்புவது இயக்கியையே. தென்மாவட்டங்களில் இசக்கி இன்றும் தாயாக வணங்கப்படுகிறாள். வழிபடுவோர்க்குத் தாயாகவும் வழிப்போக்கர்க்குப் பேயாகவும் ஒருத்தியே தோன்றுகிறாள்.

ஏவியவரும் ஏவப்பட்டவரும்

பாலக்காட்டுப் பகுதியின் ஒடியன் நம்பிக்கை இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. ஒடியன் இரவில் எருதாகவோ பிற விலங்காகவோ உருமாறிப் பகைவரைக் கொல்வான் என்பது நம்பிக்கை. எட்கர் தர்ஸ்டன் 1909 ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் இது பதிவாகியுள்ளது. ஒடிவித்தை ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது ஏற்றிக் கூறப்பட்டது. நிலவுடைமையாளர் தம் பகை முடிக்க ஒடியனை ஏவினர் என்றே கதைகள் சொல்கின்றன. ஆயினும் ஊர் அஞ்சியது ஏவப்பட்டவனை. ஏவியவருக்கு அச்சந்தரும் பெயர் எதுவும் வழங்கவில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் குருதிக்கூழ் அடுகின்றன; அக்குருதியைச் சிந்தியது வேந்தரின் போர். இரண்டிடத்தும் பேயின் வாய் சிவந்திருக்கிறது. சிவக்கச் செய்த கை வேறு.

தேயிலை மலைகள்

அவ்வாறாயின் பெயரை இடம்மாற்றி, வலியவரைக் குருதி உண்பவர் என்று அழைப்பது அறமாகுமா? காரல் மார்க்சு ‘மூலதனம்’ முதற்பகுதியில் (1867) மூலதனத்தை உழைப்பின் உயிரை உறிஞ்சும் பேயாக உருவகித்தார். உழைப்பவரின் ‘இரத்தத்தை உறிஞ்சுதல்’ என்பது நம் நாவழக்கிலும் உண்டு. ஆனைமலைத் தோட்டத் தொழிலாளர் துயரை மருத்துவர் பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலப் புதினமாக எழுதினார். ‘சிவப்புத் தேநீர்’ எனப் பொருள்படும் அதன் தலைப்பும் இவ்வுருவகத்தின் வழிவந்ததே. அந்நூல் பின்னர் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது.

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் கண்ணன் தேவன் நிறுவனம் அமைந்ததும், ‘டிராகுலா’ வெளிவந்த அதே 1897 இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, எனினும் ஒன்றில் குருதி கற்பனை, மற்றதில் வியர்வை மெய். கங்காணிகள்வழித் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்தன. 2015 செப்டம்பரில் அம்மரபில் வந்த பெண்கள், நிறுவனத்தையும் தொழிற்சங்கத் தலைமையையும் ஒருசேர எதிர்த்து ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். போனசு 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டதும், 232 ரூபாய் நாட்கூலி 500 ஆக வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கு. 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவில் பெட்டிமுடி லயங்கள் நிலச்சரிவில் புதைந்து 70 உயிர்கள் மாய்ந்தன.

இத்தகைய துயரின்முன் உருவகச் சினம் இயல்பானதே. ஆனால் அதில் ஓர் இடர் உண்டு. பேய் தன் இயல்பால் குருதி குடிக்கிறது. அதன்மேல் கடமை சுமத்த இயலாது. பேயிடம் கணக்குக் கேட்க முடியாது. மனிதரிடமே கேட்க முடியும். மூணாற்றுப் பெண்கள் கேட்டது கணக்கு. கூலி எவ்வளவு, போனசு ஏன் குறைந்தது என்னும் வினாக்கள் எதிர்நிற்பவரை விடைசொல்லக் கடமைப்பட்ட மனிதராக நிறுத்துகின்றன. வலியவரைப் பேயாக்குவதும் ஒருவகையில் அவரை அவையிலிருந்து விடுவிப்பதே.

நீலகேசி காட்டும் வழி

ஆணிக்கு மாற்றான வழியைச் சமணக் காப்பியமான நீலகேசி காட்டுகிறது. பலியைத் தடுத்த முனிச்சந்திரரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி ஏவப்படுகிறாள். மிரட்டியும் மங்கையாய் வந்து மயக்கியும் பார்க்கிறாள். அவர் அஞ்சவுமில்லை, அவளை அடக்கவுமில்லை, அறங்கூறுகிறார். கொலைத்தொழில் விட்ட நீலி, பின்னர்ப் பிற சமயத்தாரொடு வாதிட்டு வெல்லும் மெய்ந்நூலறிஞராகிறாள். ஆணியறைந்த கதையில் அவள் பணிப்பெண். அறங்கேட்ட கதையில் அவள் ஆசிரியை. காப்பியம் சமணம் பரப்ப எழுந்தது என்பதும், நீலியின் பழங்குறை அதில் தீர்க்கப்படவில்லை என்பதும் மறுக்கவியலா. எனினும் பேயெனப்பட்டவளைப் பேசுதற்குரியவளாக ஏற்றமை தமிழ் அறச்சிந்தனையின் அரிய பேறு.

முடிவுரை

2025 இல் வந்த ‘லோகா’ மலையாளத் திரைப்படத்தில் கள்ளியங்காட்டு நீலி மேலைநாட்டுப் பேய்போலக் குருதி தேவைப்படுபவளாயினும் மக்களைக் காக்கும் தலைவியாகிறாள். அச்சம் பரிவாக மாறுவது நன்றே. ஆயினும் பரிவும் முடிவன்று, கேட்டலே முடிவு. குருதி உண்பவர் யார் என்பதினும், அப்பெயர் சூட்டப்பட்டவரின் வழக்கை எந்த அவை கேட்டது என்பதே முதற்கேள்வி. பழையனூர் அவை தன் தீர்ப்புக்கு எழுபது உயிரை ஈடாகத் தந்தது. தீர்ப்புக்கு முன்னரே அவள் யாரெனக் கேட்டிருப்பின் அத்தீ மூண்டிராது.