'பிள்ளைக்கு ஒன்றுமில்லை'

கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய், பெரும்பாலும் ஒரு பதிலைத் தேடித்தான் வருகிறாள். பால் போதுகிறதா? எடை ஏறுகிறதா? மூத்தவன் இந்த வயதில் தவழ்ந்தானே, இவன் ஏன் இன்னும் தவழவில்லை?

1960களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கிராமங்களில் இதற்குப் பதில் சொல்லக் குழந்தை மருத்துவர்கள் போதவில்லை. பொதுச் சுகாதாரச் செவிலியர்கள் இருந்தார்கள். அவர்கள் குழந்தையை எடை பார்த்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், வீடு தேடிப்போய் விசாரித்தார்கள். 'பிள்ளைக்கு ஒன்றுமில்லை' என்று தீர்த்துச் சொல்வது மட்டும் மருத்துவரின் வேலை என்றிருந்தது.

அந்தச் செவிலியர்களில் ஒருவராக இருந்த லொரெட்டா ஃபோர்டு, குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரோடு சேர்ந்து 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில், செவிலியரே குழந்தையைப் பரிசோதித்து முடிவு சொல்லப் பழக்கும் முதல் 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கினார். செவிலியர் கல்வியாளர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. மருத்துவரின் வேலையைச் செய்யப்போய் செவிலியப் பணியைக் கைவிடுகிறார்கள் என்றார்கள். அந்தப் பயிற்சி எதைக் கற்பித்தது என்று பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அதன் மையத்தில் இருந்தது நலமாக இருக்கும் குழந்தை.

நலத்தை அறிவது எளிதென்று நாம் நினைக்கிறோம். மருத்துவமனையில் மட்டும் பழகியவருக்கு அதுதான் கடினம். அவர் பார்த்ததெல்லாம் நோயாளிகளைத்தான். எத்தனையோ குழந்தைகளின் இதயத்தில் முணுமுணுப்பு போன்ற ஓர் ஒலி கேட்கும். பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. வளர வளரத் தானாக மறைந்துவிடும். சிலருக்கோ அது இதயக் குறைபாட்டின் அறிகுறி. இந்த வேறுபாடு புத்தகத்தைப் படித்தால் மட்டும் பிடிபடாது. நல்ல இதயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய காதில்தான் கெட்ட ஒலி தனித்து விழும். தவழ்வதும் பேசுவதும் அப்படியே. இயல்பு என்பது ஒரு கோடு போல ஒடுங்கியதல்ல, அகன்ற வெளி. அதன் அகலம் தெரியாதவர் ஒன்று வீணாகப் பயமுறுத்துவார், இல்லையேல் பயப்பட வேண்டிய இடத்தில் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதில் பொறுப்பு கைமாறிவிடுகிறது. 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்பவரோ அந்தக் குழந்தையின் நாளைக்கும் பொறுப்பேற்கிறார். ஆறுதலாகக் கேட்கும் இந்தச் சொல்தான் மருத்துவத்தில் மிகக் கனமான முடிவு என்று நான் நம்புகிறேன்.

அந்த முடிவைச் சொல்லக் குழந்தையை மட்டும் பார்த்தால் போதாது. நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியும் பின்னர் குழந்தையோடு நிற்காமல் பெண்ணுக்கும் குடும்பத்துக்கும் விரிந்தது. எடை ஏறாத குழந்தையின் காரணம் சில சமயம் குழந்தையிடம் இருக்காது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் மூழ்கி, சாப்பிடவும் தோன்றாமல் இருக்கும் தாயிடம் இருக்கலாம். வேலை போய் வீட்டில் இருக்கும் தகப்பனிடம் இருக்கலாம். தராசில் எண்ணைப் பார்த்த அதே கண்கள் தாயின் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

ஃபோர்டு 2025இல், 104 வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய இந்த வழியில் இந்தியாவும், 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, செவிலியர்களுக்குப் பேறுகாலப் பராமரிப்பில் 18 மாத நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி தருகிறது. சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்பது நோக்கம். ஆளில்லை, அவசரம் என்று அந்தப் பயிற்சியில் எதைச் சுருக்கினாலும் சுருக்கட்டும். ஒரு சிக்கலும் இல்லாமல் நடக்கும் பிரசவத்தின் அருகே, தலையிடாமல், தொடக்கம் முதல் முடிவுவரை பயிற்சி பெறும் செவிலியர் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தை மட்டும் யாரும் குறைக்கக் கூடாது.