கயிற்றை இழுக்க முடியாத ஆழம்

2022 அக்டோபரில் நடிகை நயன்தாராவும் அவர் கணவர் விக்னேஷ் சிவனும் வாடகைத்தாய் வழியாக இரட்டைக் குழந்தைகள் பெற்ற சேதியைப் போட்டபோது, கல்யாணமாகி நாலு மாதந்தானே என்று தமிழ்நாடே விரல்விட்டு எண்ணியது. சுகாதாரத் துறை குழு போட்டு விசாரித்தது. தம்பதி விதி மீறவில்லை என்று அந்த மாதக் கடைசிக்குள் அறிக்கையும் வந்துவிட்டது. அவர்கள் விஷயம் அதோடு தீர்ந்தது. எங்கள் வேம்பாரில் பேச்சு தீரவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மதினி ஒருத்தி கேட்டாள்: "உடம்புல ஒரு குறையும் இல்ல, வலி வேண்டாம்னு நெனைக்கிறா, கையில காசு இருக்கு. ஆள் வச்சுப் பெத்துக்கிட்டா என்ன தப்பு? கடலுக்கு ஆள் வைக்கலையா?"

லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. கடலுக்கு ஆள் வைத்துத்தான் இந்தக் கரை பேர் வாங்கியது. முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் வேம்பாரும் ஒன்று. பாண்டியர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் ஆண்டாலும் மூழ்கியவன் எங்கள் ஆள்; கழுத்தில் போட்டுக்கொண்டவள் வேறு யாரோ. தூத்துக்குடியில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரைக்கும் அதுதான் கதை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில்கூட, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒன்று குளித்தவனுக்கு என்று கணக்கு இருந்தது. மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அக்காள் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! மூச்சு முட்டினால் கீழேயிருந்து ஓர் இழு. தூக்கிவிடுவார்கள்.

அதனால், காசுக்கு உடம்பைப் பணயம் வைப்பதே பாவம் என்று பேச எனக்கு வாய் வராது. எனக்கு இடிப்பது அந்தக் கயிறுதான்.

2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கும் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், சுமக்கச் சம்மதித்த பெண் கருவைக் கருப்பையில் வைக்கும்வரை மனம் மாறலாம் என்கிறது. வைத்த பிறகு கலைக்க வேண்டுமென்றால் அவள் சம்மதம் மட்டும் போதாது, அதிகாரியின் அனுமதியும் வேண்டும். ஊசி, மாத்திரை, வாந்தி, கடைசியில் பல சமயம் கத்தி. தன் கருமுட்டையில் உருவாகாத கருவைச் சுமக்கும்போது கர்ப்பகால ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் கூடுதல். ஒன்பது மாதம், இழுக்கக் கயிறில்லாத ஆழம். கருப்பையே இல்லாதவளுக்காக ஒருத்தி இதில் இறங்கினால் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. தானே இறங்கக்கூடியவள், உடம்பு குலையும், வேலையில் ஓர் ஆண்டு போகும் என்பதற்காக இன்னொருத்தியை இறக்கினால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரத்தப்போக்கில் ஒரு உயிர் போனால் அந்த ஓர் ஆண்டுக்கு அது விலையா?

கலிபோர்னியாவில் லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தால் மருத்துவக் காரணம் இல்லாமலும் இதைச் செய்துகொள்ளலாம். 2015 கடைசியில் வெளிநாட்டவருக்குக் கதவை மூடும்வரை நம் நாடும் மலிவு விலைக் கடையாகத்தான் இருந்தது. 2008-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் வாடகைத்தாய்க்குப் பிறந்த மான்ஜி என்ற குழந்தையின் ஜப்பானியப் பெற்றோர், அது பிறக்குமுன்பே மணவிலக்குப் பெற்றுவிட்டார்கள். பிள்ளையை வாங்கிப்போகப் பாட்டி உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது.

போப் பிரான்சிஸ் 2024 ஜனவரியில் உலகம் முழுக்க இதைத் தடைசெய்யக் கேட்டார். எங்கள் ஊர் கத்தோலிக்கக் கோயில் ஊர். அந்தச் சொல்லுக்கு இங்கே மதிப்புண்டு. ஆனாலும் அதே வேதாகமத்தில் ஆகாரும் இருக்கிறாள். பிள்ளை பெற்றுத்தர அவளைச் சாரா தன் கணவருக்குக் கொடுத்தாள், ஆபிரகாம் ஏற்றுக்கொண்டார். அடிமைப்பெண் ஆகாரை யாரும் கேட்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. பிறகு கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் கொடுத்துப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு அனுப்பினார்கள். பணம் கைமாறாவிட்டால் சுத்தம் என்று நினைப்பவர்கள் அந்த அதிகாரங்களை இன்னொரு தடவை படிக்கலாம்.

நம் சட்டம் அப்படித்தான் நினைக்கிறது. மருத்துவச் செலவு, 36 மாதக் காப்பீடு, அதற்குமேல் காசு பேசினால் சிறை. ஒரு பைசா இல்லாமல் யார் சுமக்க வருவாள்? தங்கச்சியோ, நாத்தனாரோ, வீட்டில் அண்டி வாழும் ஒருத்தியோ. மாமியாரும் புருஷனும் சுற்றி உட்கார்ந்து "நீதான் தாயீ மனசு வைக்கணும்" என்றால் அவள் எங்கே போய் மாட்டேன் என்பாள்? கூலி பேசி வாங்கும் அந்நியப் பெண்ணாவது முதலிலேயே முடியாது என்று எழுந்து போகலாம்.

போகலாம் என்கிறேன், வறுமை விட்டால். உறுப்பு விற்பனையைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் சுனாமிக்குப் பிறகு சென்னை எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற சேதியை 2007-இல் படித்தோம். இங்கே ஓர் ஏழைப் பெண் தன் சொந்தப் பிள்ளையைச் சுமந்தால் அரசு தருவது, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து, 18,000 ரூபாய். ஊரான் பிள்ளையைச் சுமக்க லட்சக்கணக்கில் தருகிறேன் என்று ஒரு தரகர் வாசலில் வந்து நின்றால், அவள் போடும் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

ஆகவே என் கட்சி இது: மருத்துவக் காரணம் இருந்தால், சுமப்பவளுக்கு வெளிப்படையாகப் பணம் கொடுங்கள், அவளுக்கென்று தனி மருத்துவர், தனி வக்கீல் வையுங்கள். வசதிக்காக என்றால், எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரசவத்தை நினைத்தாலே கைகால் நடுங்கி, அதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போடும் பெண்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அவளை நான் மருத்துவக் காரணத்தில்தான் சேர்ப்பேன். படப்பிடிப்புத் தேதி தள்ளிப்போகும் என்பவளைச் சேர்க்க மாட்டேன். நடுவில், கர்ப்பமானால் வேலையே போய்விடும் என்று பயப்படுகிறவள் ஒருத்தி நிற்கிறாள். அவளுக்கு வாடகைத் தாயைத் தேடுவதைவிட, அவள் முதலாளியின் சட்டையைப் பிடிப்பதுதான் முறை.